முன்பணம் வாங்குவதற்கு முன்பு

வாசகர் கடிதம்:

அண்ணே, வணக்கம். பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் என் ஊர். மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, சென்னையில் நான்கு வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன். என் பாட்டியும் அத்தைமார்களும் காலமெல்லாம் செய்த வேலை அது. 85 நிமிடப் படம். பாட்டு கிடையாது, கதாநாயகன் கிடையாது, நடிக்கப்போவதும் எங்கள் ஊர்ப் பெண்கள்தான். 60 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சென்னையில் ஒன்பது கம்பெனிகளில் கதை சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா டாகுமெண்டரி மாதிரி இருக்கே" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் பகுதி மீன் வியாபாரி ஒருவர் 20 லட்சம் தருகிறேன் என்கிறார். படத்தின் உரிமை அவர் பெயரில் இருக்க வேண்டுமாம், அவர் மகனுக்கு நல்ல வேடம் வேண்டுமாம், இரண்டு பாட்டாவது வேண்டுமாம். அப்பாவோ வீட்டையும் வத்தையையும் (எங்கள் சின்னப் படகு) அடகு வைக்கலாம் என்கிறார். இந்த மாதிரிப் படங்களுக்கு உண்மையில் எங்கிருந்துதான் பணம் வருகிறது? நான் என்ன செய்யட்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்: வீடும் வத்தையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. படம் எடுக்க ஆகும் செலவைத் திருப்பி எடுக்கப் பல வருடம் ஆகலாம், எடுக்க முடியாமலே போகலாம். அடகு வைத்த வத்தைக்கு மாதா மாதம் வட்டி கட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

நானும் உங்கள் கரைதான். மண்டபத்தில் பிறந்தவன். என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். எங்கள் தெருவில் பலர் மீன் வாங்கும் கம்பெனிக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் படகு இறக்கினார்கள். அந்த அட்வான்ஸுக்கு வட்டி என்று தனியாக எதுவும் கேட்க மாட்டார்கள். பிடித்து வரும் இறாலையும் நண்டையும் கணவாயையும் அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஏலத்தில் விலை கூடுதலாகப் போனாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அட்வான்ஸ் அடைகிற வரைக்கும் மீன் உங்களுடையது இல்லை. இதை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரி உங்களிடம் கேட்பதும் இதையேதான். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தனக்குத் தெரிந்த முறையில் பணம் போடப் பார்க்கிறார். ஆனால் 60 லட்சம் என்று நீங்களே சொல்லும் படத்துக்கு 20 லட்சம் போட்டுவிட்டு முழு உரிமையையும் எடுத்துக்கொண்டால், மீதி 40 லட்சத்தை உங்களுக்கு யார் தருவார்? எதை எழுதிக்கொடுத்து அதை வாங்குவீர்கள்? கையில் விற்பதற்கே எதுவும் இருக்காது. மகனும் பாட்டும் அதற்கு அடுத்த பிரச்சினைகள்தான்.

என் கையே சுட்ட கதை ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன்பு, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னப் படம் ஆரம்பித்தோம். பாதியில் பணம் நின்றது. ஒரு ஃபைனான்சியரிடம் 25 லட்சம் வாங்கினோம், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 75,000 ரூபாய். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 18 லட்சம் ஆகிவிட்டது. படம் முடிந்தது, சென்சாரும் ஆனது. ஆனால் கணக்குத் தீராமல் அவர் வெளியிட விடவில்லை. எழுதிக்கொடுத்தபடி உரிமை அவரிடம் இருந்தது, அவர் மேல் தப்பில்லை. இன்றைக்கு வரை அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. அதில் நடித்த பெரியவர் ஒருவர் சாகும் வரை "எப்பப்பா வரும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் நான் தயாரிப்பு நிர்வாகம் என்ற வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

தமிழ் சினிமாவில் வழக்கமான படத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நடிகரின் பெயரை வைத்து ஃபைனான்ஸ் வாங்குவார்கள். ஏரியா வாரியாக விநியோகஸ்தர்கள் மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடாவிட்டாலும் திரும்பக் கேட்காத முன்பணம், தருவார்கள். நம் ஊரே சினிமாக்காரர்களின் கணக்கில் எம்.ஆர். ஏரியாவின் பின்பாதிதான், மதுரை ராமநாதபுரம். டிவி, ஓடிடி உரிமைகளையும் முன்கூட்டியே பேசுவார்கள். இந்த எல்லாப் பணமும் ஒரு முகத்தை நம்பி வருவது. உங்கள் படத்தில் அந்த முகம் இல்லை. அதனால் ஒன்பது கம்பெனிகள் மறுத்ததை உங்கள் கதைக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நினைக்காதீர்கள். மீன் வாங்க வந்தவரிடம் பாசியைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? பாசிக்கு வேறு வியாபாரி, வேறு குடோன்.

உங்கள் மாதிரிப் படங்கள் ஒரே ஆளின் மொத்தப் பணத்தில் முடிவது அபூர்வம். எழுத ஒரு பணம், எடுக்க ஒரு பணம், முடிக்க ஒரு பணம், வெளியிட ஒரு பணம் என்று கட்டம் கட்டமாக, வேறு வேறு கைகளில் இருந்து வரும். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் கையில் காட்டுவதற்கு ஏதாவது கூடிக்கொண்டே போக வேண்டும். காகிதத்தை மட்டும் காட்டுகிறவருக்குக் கிடைக்கும் பணம் மிகக் குறைவு, அதற்கான நிபந்தனையோ மிக அதிகம். படம் பாதி கண்ணுக்குத் தெரிகிறபோது பணம் கூடும், நிபந்தனை குறையும். இது என் அனுபவத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

சத்யஜித் ரே மனைவியின் நகையை அடகு வைத்து 'பதேர் பாஞ்சாலி' எடுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் அப்பாவும் எங்காவது கேட்டிருக்கலாம். அந்தக் கதையில் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். ரே அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நகையிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் கிடைத்த பணத்தில் அவர் எடுத்தது முழுப் படத்தை அல்ல, கொஞ்சம் காட்சிகளை. பிறகு பணம் போட்டு முடித்துக்கொடுத்தது மேற்கு வங்க அரசு. அதைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள். 1955-ல் படம் வந்தது, உலகமே கொண்டாடியது. ஆனால் உரிமை அரசிடம் இருந்ததால் வருமானம் ரேவுக்கு வரவில்லை. அங்கேயும் அட்வான்ஸ் கொடுத்தவருக்குத்தான் மீன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 60 லட்சம் என்பது சென்னையில் இருந்து யூனிட் வண்டிகள் கிளம்பி வரும் படத்தின் கணக்கு. அதில் விளம்பரமும் வெளியீடும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை இப்போதே எடுத்துவிடுங்கள், அது வேறு பணம், வேறு நாள். நான் உங்கள் படத்தை இப்படிப் பார்க்கிறேன். பன்னிரண்டு பேர் யூனிட். கேமரா, ஒலிப்பதிவுக் கருவி வாடகை, இரண்டு படகு, டீசல், தங்கும் இடம், சாப்பாடு, நடிக்கும் பெண்களுக்கு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 75,000. 22 நாள் என்றால் பதினாறரை லட்சம். டெக்னீஷியன்கள் சம்பளம் மொத்தமாக 6 லட்சம், அதில் ஒரு பகுதியைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர்களாகப் பார்த்துச் சேருங்கள், எழுத்தில் கொடுங்கள். எடிட்டிங், ஒலி வடிவமைப்பு, மிக்ஸிங், டிஐ என்கிற நிறத் திருத்தம், சப்டைட்டில், தியேட்டர் பிரதி வரைக்கும் 9 லட்சம். எழுத்துக்கும் மாதிரிக் காட்சிக்கும் 2 லட்சம். எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். ஏறக்குறைய 37 லட்சத்தில் நிற்கும்.

இதைக் குறைக்க நம் கடலே உதவும். பாசிக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தானே. இடைப்பட்ட நாட்களில் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். கரைக் காட்சிகளையும் வீட்டுக் காட்சிகளையும் அப்போது வைத்தால் யாருடைய பிழைப்பும் கெடாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கேமராவை இறக்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் ஆளை விடாது. தை தொடங்கிப் பங்குனிக்குள் தென்கடல் காட்சிகளை முடிக்கப் பாருங்கள். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். கூட்டக் காட்சிகளை அப்போது வைத்துக்கொள்ளலாம். சென்னையில் இருந்து வரும் எந்தத் தயாரிப்பாளருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. அவர் நாலு நாள் காற்றுக்காக உட்கார்ந்திருந்தால் மூன்று லட்சம் போய்விடும். நீங்கள் முந்தின நாள் சாயங்காலமே காற்றைப் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். இதை உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் எழுதுங்கள். பணம் தருபவர்கள் கதைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது, இந்த ஆள் படத்தை முடிப்பாரா என்பதைத்தான்.

இன்னொன்று. தீவுக்குள் போய் எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் இருந்து கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது, படப்பிடிப்பு அனுமதி சுலபத்தில் கிடைக்காது. அதைவிட முக்கியம், உங்கள் அத்தைமார்களே அங்கே போகும்போது பயந்து பயந்துதான் போகிறார்கள். அவர்கள் தீவைச் சுற்றிப் பாசி பறிப்பதை நீங்கள் அப்படியே படம் பிடித்தால், அந்தப் படமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கரையோரப் பாறைத் திட்டில், அனுமதி தேவைப்படாத இடத்தில், தீவு மாதிரி அமைத்து எடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, ட்ரோன் ஷாட் வேண்டும் என்று எந்தக் கேமராமேனாவது ஆசைப்பட்டால் முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

முதல் 2 லட்சம் எங்கிருந்து வரும்? இதுதான் மிகக் கடினமான பணம், இதில்தான் நீங்கள் எதையும் எழுதிக்கொடுக்கக் கூடாது. உங்கள் சேமிப்பு, நண்பர்கள், கூடப் படித்தவர்கள். இதைக் கடனாகவும் வாங்காதீர்கள், முதலீடாகவும் வாங்காதீர்கள். "இது திரும்பி வராது, படத்தில் உங்களுக்கு நன்றி போடுவேன்" என்று சொல்லி அன்பளிப்பாக வாங்குங்கள். அந்தப் பணத்தில் பத்து நிமிடம் எடுங்கள். முழுக்கதையையும் சுருக்கி ட்ரெய்லர் மாதிரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு காட்சி போதும். விடியற்காலையில் பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் செருப்பை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, அந்த ஒரு காட்சியை முழுப் படத்தில் எப்படி எடுப்பீர்களோ அதே பொறுமையோடு எடுங்கள். ஒலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டில்லாத படத்துக்குக் கடலின் சத்தம்தான் எல்லாம். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை வானொலிக்காரர்களைப் போய்ப் பாருங்கள். நம் பேச்சையும் நம் கடலின் சத்தத்தையும் காதில் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

அந்தப் பத்து நிமிடமும், திரைக்கதையும், பட்ஜெட்டும் கையில் வந்த பிறகு கதவுகள் திறக்கும். முதல் கதவு கோவாவில் இருக்கிறது. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம், அதாவது என்எஃப்டிசி, 2007-ல் இருந்து நவம்பர் மாதம் சர்வதேசத் திரைப்பட விழாவையொட்டி ஃபிலிம் பஜார் நடத்துகிறது. இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர். அங்கே எழுதிக்கொண்டிருக்கும் கதைகளுக்குத் திரைக்கதைப் பட்டறை, பணம் தேடும் படங்களுக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை, எடிட்டிங்கில் இருக்கும் படங்களுக்குத் தனிப் பட்டறை என்று மூன்று நிலைக்கும் மூன்று இடம் இருக்கிறது. தேர்வானால் உள்நாட்டு, வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் உங்கள் மேஜைக்கு வந்து பேசுவார்கள். சென்னையில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் மூன்று வருடத்தை அந்த நான்கைந்து நாள் மிச்சப்படுத்தும்.

வெளிநாட்டு நிதிகளும் உண்டு. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, சுவிட்சர்லாந்தின் விஷன்ஸ் சூட் எஸ்ட், தோஹா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் மானியம். நம்மைப் போன்ற நாடுகளில் எடுக்கப்படும், சந்தையில் சுலபமாகப் பணம் கிடைக்காத படங்களுக்காகவே இவை இருக்கின்றன. கதையை மாற்று என்றோ என் மகனைப் போடு என்றோ கேட்க மாட்டார்கள். ஆனால் சிலவற்றுக்கு அந்தந்த நாட்டுக் கூட்டுத் தயாரிப்பாளர் வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு உங்கள் பக்கத்தில் ஒரு தயாரிப்பாளர் பெயர் வேண்டும். இயக்குநர் தனியாக விண்ணப்பித்தால் எடை குறைவு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். "இயக்குநர் குறிப்பு" என்று இரண்டு பக்கம் கேட்பார்கள், அதில் பெண்ணியம், சூழலியல் என்று பெரிய வார்த்தைகளைக் கொட்ட வேண்டாம். பாட்டியின் விரல் நுனிகள் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள், போதும். வெளிநாட்டுப் பணம் வருவதற்கு முன்பே ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் கடுமையானது, மானியமாக வருகிறதா வணிக ஒப்பந்தமாக வருகிறதா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும்.

தயாரிப்பாளர் யார்? இங்கேதான் உங்கள் ஒன்பது கம்பெனிப் பட்டியலை நான் மாற்றச் சொல்வேன். கடந்த சில வருடங்களில் வந்த வித்தியாசமான தமிழ்ப் படங்களுக்கு யார் பணம் போட்டார்கள் என்று பாருங்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைத் தயாரித்தவர் விஜய் சேதுபதி. 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' நயன்தாரா, விக்னேஷ் சிவன் தயாரிப்பு. அதே இயக்குநர் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யைத் தயாரித்தது சிவகார்த்திகேயனின் நிறுவனம். பெரிய படத்தில் சம்பாதிக்கும் நடிகர்கள், இந்தப் பக்கம் ஒரு கையைக் கொடுத்திருக்கிறார்கள். இவர்களிடம் நேராகப் போய்க் கதை சொல்ல நேரம் கிடைக்காது. ஆனால் இவர்களுக்குப் பழக்கமான இயக்குநர், எடிட்டர், ஒளிப்பதிவாளர் யாராவது உங்கள் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு "இதைப் பாருங்க சார்" என்று சொன்னால் பார்ப்பார்கள். நான்கு வருடம் உதவி இயக்குநராக இருந்தீர்களே, அந்தப் பழக்கத்தை எல்லாம் இதற்குப் பயன்படுத்துங்கள். சொந்தப் பணத்தில் எடுத்ததும் உண்டு. செழியனின் 'டு லெட்' அவர் மனைவி தயாரித்த படம், தேசிய விருது வாங்கியது. ஆனால் செழியன் அதற்கு முன்பே பேர் சொல்லும் ஒளிப்பதிவாளர். தொழில் கையில் இருப்பவரின் சொந்தப் பணம் வேறு, உங்கள் அப்பாவின் வத்தை வேறு.

மக்களிடம் வசூலிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதற்கு நம் பக்கத்திலேயே பழைய உதாரணங்கள் இருக்கின்றன. 1976-ல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படம் வந்தபோது அவர்களே கூட்டம் கூட்டமாக வண்டி பிடித்துப் பார்க்க வந்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவர் நண்பர்களும் ஒடேசா என்ற கூட்டமைப்பை வைத்து, ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு வாங்கி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். கர்நாடகத்தில் 2013-ல் வந்த 'லூசியா'வுக்கு நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் போட்டார்கள். லீனா மணிமேகலையின் 'மாடத்தி'யும் மக்கள் பணத்தில் வந்த படம்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'மந்தன்' நடந்ததற்குக் காரணம், அந்த 5 லட்சம் பேரையும் ஏற்கனவே ஒரு பால் கூட்டுறவு சேர்த்து வைத்திருந்தது. பாலுக்கான காசு தரும்போதே 2 ரூபாயைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு பெரிய அமைப்பு கிடையாது. அவர்களிடம் நீங்கள் பத்து ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. கேட்க வேண்டியவர்கள் வேறு. கீழக்கரை, தொண்டி, மண்டபத்தில் இருந்து துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எத்தனை பேர்? ஊரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். ஆயிரம், ஐயாயிரம் என்று அவர்களால் முடியும். நமக்கு வடக்கே பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைப்பார்களே, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், ஒவ்வொரு மொய்யையும் நோட்டில் எழுதுவார்கள், அவரவர் வீட்டு விருந்துக்குத் திருப்பிச் செய்வார்கள். அந்த நோட்டு மாதிரி ஒரு நோட்டு போடுங்கள். யார், எவ்வளவு, என்றைக்கு. படம் முடிந்ததும் அவர்கள் ஊருக்கே கொண்டுபோய்த் திரையிட்டுக் காட்டுங்கள், அதுதான் உங்கள் திருப்பி மொய்.

இதில் சட்டம் ஒன்று இருக்கிறது, அலட்சியம் செய்யாதீர்கள். "லாபத்தில் பங்கு தருகிறேன், இரண்டு வருடத்தில் திருப்பித் தருகிறேன்" என்று ஊர் முழுக்கப் பணம் வாங்கினால் அது டெபாசிட் வாங்கிய குற்றமாகிவிடும். 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு. கம்பெனி ஆரம்பித்துப் பங்கு கொடுப்பதென்றாலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்க முடியாது. அதனால் சின்னத் தொகை எல்லாம் அன்பளிப்பாகவே இருக்கட்டும். பெரிய தொகை போடும் நாலைந்து பேரை மட்டும் ஒப்பந்தத்தோடு முதலீட்டாளராக வையுங்கள். படத்துக்கென்று தனி நிறுவனம், தனி வங்கிக் கணக்கு. உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வரக் கூடாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? நம் படகுப் பங்கைப் போலவே எழுதலாம். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மீதியைத்தானே படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிக்கிறோம். அதே மாதிரி, வரும் பணத்தில் முதலில் விற்பனைச் செலவு, பிறகு பணம் போட்டவர்களின் அசல், பிறகு சம்பளத்தைத் தள்ளி வைத்தவர்களின் பாக்கி, அதற்கு மேல் வந்தால் பங்கு. இந்த வரிசை எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை நிறுவனத்திடம் இருக்க வேண்டும், அதில் உங்கள் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது. கடைசி எடிட் உங்கள் முடிவு என்று ஒரு வரி. படம் நின்றுபோனால் எடுத்த காட்சிகள் யாருக்கு என்று ஒரு வரி. உரிமையை யோசிக்காமல் எழுதிக்கொடுத்ததால்தான் எங்கள் படம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. திரைக்கதையைக் காட்டத் தொடங்கும் முன்பு காப்புரிமை அலுவலகத்திலோ எழுத்தாளர் சங்கத்திலோ பதிவு செய்துவிடுங்கள்.

அந்த வியாபாரியை விட்டுவிட வேண்டாம். அவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்: "20 வேண்டாம் அண்ணே, 5 போடுங்க, பங்கு தர்றேன், பேரு போடுறேன், படகும் ஐஸும் உங்ககிட்டயே வாடகைக்கு எடுக்கறேன், மகனுக்கு வேஷம் மட்டும் கேக்காதீங்க." ஒத்துக்கொண்டால் அவர் நல்ல பங்காளி. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருக்கு வேண்டியது வேறு படம். அப்படியே கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள், சண்டை வேண்டாம். நாளைக்கு அவருடைய படகுத் துறையில்தான் கேமராவை வைக்க வேண்டியிருக்கும்.

அரசு மானியத்தை இப்போது எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அது படம் முடிந்து சான்றிதழ் வாங்கிய பிறகு விண்ணப்பிப்பது. வந்தால் கடன் அடைக்க உதவும், படம் ஆரம்பிக்க உதவாது. ஓடிடிக்காரர்கள் முழுப் படத்தையும் பார்த்த பிறகுதான் பேசுவார்கள், அப்போதும் விழாவில் என்ன கிடைத்தது, தியேட்டரில் வந்ததா என்று கேட்பார்கள். சென்சாருக்கு நேரமும் கொஞ்சம் பணமும் ஒதுக்கி வையுங்கள். நம் தனுஷ்கோடியில் எடுத்த 'செங்கடல்' படத்துக்கு முதலில் சான்றிதழ் மறுத்தார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011-ல் வாங்கினார்கள். அந்தத் தீர்ப்பாயத்தையே 2021-ல் கலைத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் உயர் நீதிமன்றம்தான். உங்கள் கதையில் வனத்துறையும் வரும் என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். காட்சியை மாற்றச் சொல்லவில்லை, வக்கீல் செலவையும் பட்ஜெட்டில் எழுதச் சொல்கிறேன்.

டாகுமெண்டரி மாதிரி இருக்கிறது என்று சொன்னார்களே, அது உங்களை ரொம்பவே காயப்படுத்தியிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். வேண்டுமானால் பாட்டியை வைத்து அரை மணி நேர ஆவணப்படம் ஒன்றைத் தனியாக எடுங்கள். அதற்கான நிதி வேறு இடங்களில் இருக்கிறது. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் மாதிரி நிறுவனங்கள் கலை, ஆய்வுக்கு உதவித்தொகை தருகின்றன. ஆனால் நம் பெண்கள் கேமராவைப் பார்த்துச் சலித்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்த பிறகு எத்தனையோ பேர் வந்து படம் பிடித்துப் போயிருப்பார்கள். போனவர்கள் திரும்பி வந்து காட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தடைக்காலத்துக்கு முன்பு அந்தப் பத்து நிமிடத்தை முடித்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, யாரிடம் எடுத்துப் போகலாம் என்று நாலு பெயர் சொல்கிறேன். என் பெயரைச் சொல்லியே போகலாம். அதற்கு முன்பு பாட்டியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். ஒரு நாள் பாசிக்குப் போகாமல் உங்கள் கேமரா முன்னால் நின்றால் அவருக்கு எவ்வளவு போகும்? நான் நாள் செலவு 75,000 என்று எழுதியதில் அந்தத் தொகையை உத்தேசமாகத்தான் போட்டிருக்கிறேன். அவர் சொல்லும் தொகையைப் போட்டுக் கணக்கை மறுபடி கூட்டுவோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்